படைப்பில் பாடம்: பேய்க்கணவாயும் ஒரு வாளித் தண்ணீரும்

 

திருமறையின் அத்தியாயங்கள் சிலவற்றிற்குச் சிற்றுயிர்களின் பெயர்கள் அமைந்திருப்பதை நாம் அறிவோம். எறும்பின் பெயரால் 'அந்நம்ல்', தேனீயின் பெயரால் 'அந்நஹ்ல்', சிலந்தியின் பெயரால் 'அல்அன்கபூத்'. மில்லர்புரத்தில் எங்கள் மதரஸாவில், ஒரு நாள் மஃரிபுக்குப் பிந்தைய வகுப்பில், சுலைமான் நபி (அலை) அவர்களின் படை வருவதைக் கண்டு தன் கூட்டத்தாரை எச்சரித்த எறும்பின் வரலாற்றை மாணவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு வயது மாணவன் ஒருவன் எழுந்து கேட்டான்:

"ஹஜ்ரத், எறும்புக்கு அறிவு உண்டு என்றால் பேய்க்கணவாய்க்கும் உண்டா? கடலிலேயே அதற்குத்தான் மூளை அதிகம் என்று எங்கள் வாப்பா சொல்கிறார்கள்."

அவனுடைய தந்தை விசைப்படகில் கடலுக்குச் செல்பவர். கேள்வி நன்றாக இருந்தது. விடைதான் என்னிடம் இல்லை. படித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்று அன்றைய வகுப்பை முடித்தேன்.

வாளியில் வந்த விருந்தாளி

மறுநாள் மாலை அம்மாணவன் ஒரு பெயிண்ட் வாளியைச் சுமந்துகொண்டு வந்தான். அதில் பாதியளவு கடல்நீர். அடியில் ஒரு வெற்றுச் சங்கு. சங்கின் வாயிலிருந்து இரண்டு கண்கள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. வலையில் சிக்கி வந்த சங்கிற்குள் உயிரோடு இருந்த சிறிய பேய்க்கணவாய் அது. பிள்ளைகள் சூழ்ந்து நின்றார்கள். ஒருவன் விரலை நீட்டினான். அது ஒரு கையை மெல்ல நீட்டி, அவன் விரலைத் தொட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, உள்ளே இழுத்துக்கொண்டது. இமைக்கும் நேரத்தில் அதன் உடல் பழுப்பிலிருந்து வெண்மைக்கு மாறியது.

இஷாவுக்கு நேரமாகிவிட்டது. "இப்போது வீட்டுக்குப் போங்கள், நாளை இதைப் பற்றிப் பாடம் நடத்துகிறேன்" என்று சொல்லி, வாளியின் மீது ஓர் எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து மூடிவிட்டுச் சென்றேன்.

ஃபஜ்ருக்கு வந்தபோது தட்டு தரையில் கிடந்தது. வாளியில் சங்கு இருந்தது; அதில் குடியிருந்த உயிர் இல்லை. தரையில் உலர்ந்த ஈரத்தடம் ஒன்று ஒளூச் செய்யும் ஹவுளை நோக்கிச் சென்றது. ஹவுளின் கழிவுநீர் வாய்க்காலில் அது இறந்து கிடந்தது. கடலில் வாழும் அவ்வுயிருக்கு உப்பற்ற நன்னீர் ஆகாது. ஈரத்தின் வாசனை அறிந்து சென்றதோ, வேறெப்படிச் சென்றதோ, தேடிச் சென்ற தண்ணீர் அதற்குத் தண்ணீராக இல்லை.

அந்த மாணவன் அழவில்லை. "ஹஜ்ரத், அதற்குத் தெரிந்துதான் வெளியே வந்ததா?" என்று மட்டும் கேட்டான்.

கலைப் பாடத்தில் பட்டம் பெற்றவன் நான். விலங்கியல் எனக்குத் தொலைவான துறை. எனினும் அக்கேள்விக்கு நான் கடன்பட்டவனாகிவிட்டேன். அன்று முதல் தேடிப் படித்தவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

சிப்பிக்கு உறவு

நம் கடற்கரையில் கணவாய் என்பது ஒரு பொதுப்பெயர். நீண்ட உடலும் உள்ளே கண்ணாடி போன்ற மெல்லிய தண்டும் உடையது ஊசிக்கணவாய். அகன்ற உடலும் உள்ளே வெண்ணிற ஓடும் உடையது ஓட்டுக்கணவாய். நாட்டு மருத்துவத்தில் 'கடல் நுரை' என வழங்குவது இவ்வோடுதான். ஓடும் தண்டும் இல்லாமல் எட்டுக் கைகளோடு மட்டும் வாழ்வது பேய்க்கணவாய். ஆக்டோபஸ் என ஆங்கிலத்தில் கூறப்படுவது இதுவே. முதலிரண்டிற்கும் எட்டுக் கைகளோடு, இரையைப் பிடிக்க நீளும் கைகள் இரண்டு கூடுதலாக உண்டு.

இவை மூன்றும் மீன்கள் அல்ல. முதுகெலும்பற்ற மெல்லுடலிகள். நத்தை, மட்டி, சங்கு, முத்துச்சிப்பி ஆகியவற்றின் இனம். தூத்துக்குடிக்காரர்களாகிய நமக்கு இது வியப்பான செய்தி. 'தொளாயிரம் பார்' முதலிய முத்துப் பார்களில் எந்தச் சிப்பியைத் தேடி நம் முன்னோர் மூழ்கினார்களோ, 1955 முதல் 1961 வரை நடந்த கடைசிப் பெரும் முத்துக்குளிப்பில் எந்தச் சிப்பி கரையில் குவிந்ததோ, அந்தச் சிப்பியும் பேய்க்கணவாயும் உறவினர்.

ஆனால் எத்தகைய உறவினர்! சிப்பிக்குத் தலை என்று ஒன்று இல்லை. மூளை இல்லை, சில நரம்பு முடிச்சுகளே உண்டு. பாறையைப் பற்றிக்கொண்டு, இரு ஓடுகளுக்குள் அடைந்து, வரும் நீரை வடிகட்டி உண்டு வாழ்கிறது. ஆபத்து வந்தால் ஓட்டை மூடிக்கொள்ளும்; அதுவே அதன் உபாயம் முழுவதும். பேய்க்கணவாய்க்கோ அந்தக் கோட்டை அருளப்படவில்லை. கடலில் வாழும் ஒவ்வொரு பெருமீனுக்கும் அது எலும்பில்லாத ஒரு கவளம். கவசம் இல்லாத அவ்வுயிருக்குக் கவசமாக அல்லாஹ் வழங்கியது அறிவு.

அவ்வறிவைக் கொண்டு அது தன் உறவையே வேட்டையாடுகிறது. முத்துச்சிப்பிகளின் பகைவர்களைப் பட்டியலிட்டவர்கள் நட்சத்திர மீனோடும் சில சங்கினங்களோடும் பேய்க்கணவாயையும் சேர்த்தே எழுதியுள்ளார்கள். உறிஞ்சிகளால் இழுத்துச் சிப்பியின் வாயைத் திறக்கும். இழுத்துத் திறக்க முடியாதபோது ஓட்டில் நுண்ணிய துளையிட்டு, நஞ்சைச் செலுத்தி, சதை தளர்ந்ததும் திறந்துகொள்ளும்.

ஓடில்லாத உயிருக்கு வீட்டின் மேல் ஆசை மிகுதி. இதை நம் மீனவர் நெடுங்காலத்திற்கு முன்பே கண்டுகொண்டார்கள். பாக் நீரிணைக் கரையில், விரல்கள் போல் முனைகள் நீண்ட வெற்றுச் சங்குகளைக் கயிற்றில் வரிசையாகக் கட்டிக் கடலடியில் இறக்கிவிடுவார்கள். பேய்க்கணவாய் தானாக வந்து குடியேறும். பிறகு கயிற்றை இழுத்தால் போதும். தூண்டிலுக்கு இரையாக அதைப் பயன்படுத்துவார்கள். சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னல் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்முறையைப் பதிவு செய்திருக்கிறார். எங்கள் வாளிக்கு வந்த விருந்தாளியும் சங்கொன்றை வீடாகக் கொண்டிருந்ததே!

உடலெங்கும் அறிவு

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. எலிக்குச் சுமார் 20 கோடி. பேய்க்கணவாய்க்கு ஏறத்தாழ 50 கோடி என்று கணக்கிட்டிருக்கிறார்கள். முதுகெலும்பற்ற ஓர் உயிருக்கு இது மலைக்கத்தக்க எண்ணிக்கை.

அதைவிட மலைப்பூட்டுவது அவை அமைந்துள்ள இடம். நம் நரம்பணுக்களின் தலைமையகம் மண்டையோட்டுக்குள் இருக்கிறது; கையும் காலும் அதன் ஆணைக்குக் காத்திருக்கின்றன. பேய்க்கணவாயின் நரம்பணுக்களில் மூன்றில் இரண்டு பங்கு அதன் எட்டுக் கைகளில் இருக்கிறது. ஒவ்வொரு கைக்கும் ஏறத்தாழ 4 கோடி. 'அந்த நண்டைப் பிடி' என்று மூளை கட்டளையிட்டால் போதும். எப்படி வளைவது, எந்த இடுக்கில் நுழைவது, எந்த உறிஞ்சியால் பற்றுவது என்பனவற்றைப் பெரும்பாலும் கையே முடிவு செய்துகொள்கிறது. உறிஞ்சிகள் தொட்ட மாத்திரத்தில் பொருளின் சுவையையும் அறிகின்றன; அதற்கான உணர்விகளை 2020-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் கண்டறிந்து வெளியிட்டார்கள். அன்று மாணவனின் விரலைத் தடவியபோது அது அவனைத் தொட்டுப் பார்த்ததோடு, சுவைத்தும் பார்த்திருக்கிறது!

மூளையின் வடிவமும் விந்தையானது. உணவுக்குழலைச் சுற்றி ஒரு வளையம் போல அமைந்திருக்கிறது. விழுங்கும் ஒவ்வொரு கவளமும் மூளையின் நடுவே புகுந்துதான் இரைப்பைக்குச் செல்ல வேண்டும். ஆகவே கிளிமூக்குப் போன்ற அலகால் சிறு சிறு துண்டுகளாக்கியே உண்கிறது. இதயங்கள் மூன்று. அவற்றில் இரண்டு செவுள்களுக்கு, ஒன்று உடலுக்கு. இரும்பிற்குப் பதிலாகச் செம்பு கலந்திருப்பதால் இரத்தம் நீலநிறம்.

கண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒளியியலுக்கு அடித்தளம் இட்ட நம் அறிஞர் இப்னுல் ஹைதம் மனிதக் கண்ணை எவ்வளவு நுட்பமாக ஆராய்ந்தார் என்பது வாசகர்கள் அறிந்ததே. வில்லை, விழித்திரை என நம் கண்ணில் உள்ள அமைப்பு பேய்க்கணவாய்க்கும் உண்டு. நமக்குள்ள குருட்டுப் புள்ளி அதற்கு இல்லை. ஏனெனில் அதன் நரம்பிழைகள் விழித்திரையின் பின்புறமாகச் செல்கின்றன. ஆனால் இவ்வினத்தில் பெரும்பாலானவற்றுக்கு நிறங்களைப் பிரித்தறியும் ஆற்றல் இல்லை. நிறமறியாத ஓர் உயிர், தான் அமர்ந்த பாறையின் நிறத்தை ஒரு நொடிக்குள் தன் மேனியில் வரைந்துகொள்கிறது. தோலில் உள்ள எண்ணற்ற நிறப்பைகளை மூளையிலிருந்து செல்லும் நரம்புகள் நேரடியாக விரித்துச் சுருக்குவதால் பச்சோந்தியையும் விஞ்சிய விரைவு இதற்கு வாய்த்திருக்கிறது. சுப்ஹானல்லாஹ்!

சோதித்துப் பார்த்தவர்கள்

2,300 ஆண்டுகளுக்கு முன் அரிஸ்டாட்டில் இவ்வுயிரை அறிவற்றது என்று எழுதினார். நீருக்குள் கையை விட்டால் அது விலகி ஓடாமல் அருகில் வருகிறதாம். அதனால் அவ்வாறு கருதினார். அவருடைய விலங்கியல் நூல் அரபுமொழிக்கும் வந்தது. ஹிஜ்ரி 255-இல் மறைந்த பஸராவின் பேரறிஞர் ஜாஹிழ், 'கிதாபுல் ஹயவான்' என்னும் தம் பெருநூலில் அரிஸ்டாட்டிலை எடுத்தாண்டதோடு நில்லாமல், ஐயம் எழுந்த இடங்களில் மறுத்தும் எழுதினார். முன்னோர் சொன்னதைச் சோதித்துப் பார்க்கும் அம்மரபு நமக்குரியது. அருகில் வருவது அறிவின்மை என்று அந்தக் கிரேக்க அறிஞர் எண்ணினார். இன்றைய ஆய்வாளரோ அதைப் புதிய பொருளை ஆராயும் ஆவல் என்கிறார்கள்.

இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரின் கடலாய்வு நிலையத்தில் சிவப்பு, வெள்ளைப் பந்துகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க ஒரு பேய்க்கணவாயைப் பழக்கினார்கள். பக்கத்துத் தொட்டியில் இருந்த மற்றொன்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு அதன்முன் பந்துகளை வைத்தபோது, பார்த்ததைக் கொண்டே தானும் அதே பந்தைத் தேர்ந்தது. ஃபியோரிட்டோ, ஸ்கோட்டோ என்னும் இருவர் இதை 1992-இல் வெளியிட்டார்கள். 2009-இல் இந்தோனேசியக் கடலில், மனிதர் வீசியெறிந்த தேங்காய்ச் சிரட்டைகளை ஒரு பேய்க்கணவாய் சுமந்து சென்று, தேவைப்படும் இடத்தில் இரண்டையும் பொருத்தி உள்ளே ஒளிந்துகொள்வதைப் பதிவு செய்தார்கள். பின்னால் பயன்படும் என்று ஒரு கருவியைச் சுமந்து செல்வது பெரிய செயல். அதே இனம் நம் நாட்டுக் கடல்களிலும் வாழ்கிறது.

2016-இல் நியூசிலாந்தின் நேப்பியர் நகரக் கடலுயிர்க் காட்சியகத்திலிருந்து ஒரு பேய்க்கணவாய் தப்பியது உலகச் செய்தியாயிற்று. தொட்டியின் மேல்மூடி சிறிதே விலகியிருந்தது. இரவில் வெளியேறி, தரையைக் கடந்து, சுமார் 50 மீட்டர் நீளமுள்ள வடிகாற்குழாய் வழியாகக் கடலை அடைந்தது. இச்செய்தியைப் படித்தபோது எனக்கு எங்கள் மதரஸாவின் ஈரத்தடம் நினைவுக்கு வந்தது. அங்கிருந்த வாய்க்கால் கடலுக்குச் சென்றது. எங்கள் வாய்க்கால் செல்லவில்லை.

ஃபிர்அவ்னின் பெயர் தாங்கியது

நம் துறைமுகத்தில் குவியும் ஓட்டுக்கணவாய்களுள் முதன்மையான இனத்திற்கு அறிவியலார் இட்ட பெயர் 'செப்பியா ஃபரவோனிஸ்'. செங்கடலில் கிடைத்ததைக் கொண்டு 1831-இல் எரன்பெர்க் என்ற ஜெர்மானிய அறிஞர் இட்ட பெயர் அது. எந்தக் கடல் ஃபிர்அவ்னை மூழ்கடித்ததோ, அவன் பெயர் தாங்கிய உயிர் மூழ்காமல் வாழ்ந்துகொண்டிருக்கிறது!

1990-களின் தொடக்கத்தில் தூத்துக்குடியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் இவ்வினத்தின் முட்டைகளைப் பொரிக்கவைத்துக் குஞ்சுகளை வளர்த்துப் பார்த்தார்கள். தைவான் நாட்டார் 2016-இல் இதே இனத்தின் குஞ்சுகளைக் கொண்டு வேறொரு சோதனை செய்தார்கள். இரு பெட்டிகளில் இறால்களை வைத்தார்கள். ஒன்றில் நான்கு, மற்றதில் ஐந்து என்றிருந்தபோதும் குஞ்சுகள் ஐந்து உள்ள பக்கமே சென்றன. ஐந்து வரை எண்ணிக்கை வேறுபாட்டை அறியும் உயிர் அது. 2017-இல் ஜப்பானியர், இவ்வினம் கைகளை மடக்கிச் சங்குநண்டு போல நடந்து இரையை ஏமாற்றுவதைக் கண்டு எழுதினார்கள்.

இதன் ஐரோப்பிய உறவினத்தைக் கொண்டு 2021-இல் வெளியான ஆய்வு, மதரஸா ஆசிரியனாகிய எனக்கு மிகவும் பிடித்தது. முன்னே இருக்கும் சாதாரண உணவை உடனே உண்ணலாம். பொறுத்திருந்தால் விருப்பமான உயிருள்ள இறால் கிடைக்கும். கணவாய்கள் பொறுத்திருந்தன. சில 130 நொடிகள் வரை பொறுத்திருந்தன. ஸப்ர் என்னும் பொறுமையைப் பற்றி எத்தனையோ பயான்கள் செய்திருக்கிறோம். பந்தியில் பிரியாணி வரும்வரை 130 நொடிகள் கை நீட்டாமல் இருப்போர் நம்மில் எத்தனை பேர்?

மனித நரம்பைக் கற்பித்த ஊசிக்கணவாய்

ஊசிக்கணவாய்க்கு நாம் ஒரு பெருங்கடன் பட்டிருக்கிறோம். ஆபத்து நேர்ந்தால் அது உடற்பையைச் சட்டென்று சுருக்கி, நீரைப் பீய்ச்சி, பின்னோக்கிப் பாயும். உடல் முழுவதும் ஒரே கணத்தில் சுருங்க வேண்டுமானால் செய்தி மின்னல் வேகத்தில் செல்ல வேண்டும். அதற்காக இறைவன் அதற்குத் தடித்த நரம்பிழைகளை அமைத்திருக்கிறான். நம் உடலின் நரம்பிழை மயிரிழையைவிட மெல்லியது. ஊசிக்கணவாயின் பெருநரம்பிழையோ ஒரு மில்லிமீட்டர் வரை தடிப்புடையது. 1936-இல் ஆங்கில விலங்கியலார் ஜே.இசட். யங் இதன் சிறப்பை உலகறியச் செய்தார்.

கண்ணுக்குத் தெரியும் நரம்பிழை கிடைத்ததும் அதனுள் மின்கம்பியைச் செலுத்தி அளக்க வழி பிறந்தது. இங்கிலாந்தின் பிளிமத் நகரில் ஆலன் ஹாட்ஜ்கின், ஆண்ட்ரூ ஹக்ஸ்லி ஆகிய இருவரும் 1939-இல் அதைச் செய்தார்கள். இடையில் உலகப்போர் வந்தது. போர் முடிந்து மீண்டும் தொடங்கி 1952-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நரம்பில் ஓடும் செய்தி என்பது என்ன? நரம்பிழையின் சுவரில் நுண்ணிய கதவுகள் உள்ளன. கதவு திறந்ததும் வெளியிலுள்ள சோடியம் உள்ளே பாய்கிறது. அடுத்த கணம் உள்ளிருக்கும் பொட்டாசியம் வெளியேறுகிறது. இவ்வாறு கதவு கதவாகத் திறந்துகொண்டே செல்வதுதான் செய்தி. நாம் காண்பது, கேட்பது, தஸ்பீஹ் மணியை விரல் உருட்டுவது யாவும் இந்த உப்புகளின் ஓட்டத்தால் நடைபெறுகின்றன. 1963-இல் இவ்விருவருக்கும் ஜான் எக்கிள்ஸ் என்பவரோடு நோபல் பரிசு கிடைத்தது.

பல் பிடுங்குமுன் மருத்துவர் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்கிறாரே, அந்த மருந்து இந்தச் சோடியக் கதவுகளைத்தான் அடைக்கிறது. அக்கதவுகளின் இயல்பை மனிதன் அறிந்தது ஊசிக்கணவாயிடம்.

ஆசிரியர் இல்லாத மாணவன்

இவ்வளவு அறிவு பெற்ற உயிர், கடலடியில் ஒரு நகரத்தை ஏன் எழுப்பவில்லை? இதற்கு விடை அதன் தாய்மையில் இருக்கிறது.

பெண் பேய்க்கணவாய் தன் வாழ்நாளில் ஒருமுறையே முட்டையிடுகிறது. பொந்தின் கூரையில் முட்டைச் சரங்களைத் தொங்கவிட்டு, அழுக்குப் படியாமல் துடைத்து, நீரை ஊதி ஊதிக் காக்கிறது. அந்நாள்களில் உணவு உண்பதை நிறுத்திவிடுகிறது. முட்டைகள் பொரியும் காலத்தில் உடல் மெலிந்து இறந்துவிடுகிறது. கண்ணருகே உள்ள ஒரு சுரப்பி இதை இயக்குகிறது என்பதை 1977-இல் வோடின்ஸ்கி என்பவர் காட்டினார். அச்சுரப்பியை நீக்கிவிட்ட தாய்கள் முட்டைகளைக் கைவிட்டு, மீண்டும் உண்டு, நெடுநாள் வாழ்ந்தன.

பிறக்கும் குஞ்சு தாயைக் காண்பதில்லை. தந்தையையும் காண்பதில்லை. முதல் நாளிலிருந்தே தனியாக வேட்டையாட வேண்டும். பெரும்பாலான இனங்களுக்கு ஆயுள் ஓரிரண்டு ஆண்டுகளே. அதற்குள் கற்றதெல்லாம் அதனோடு மடிகிறது. அடுத்த தலைமுறை அலிஃபிலிருந்து தொடங்குகிறது.

எங்கள் மதரஸாவில் ஒரு ஹதீஸைச் சொல்லிக் கொடுக்கும்போது அதன் 'ஸனத்' என்னும் தொடரையும் சொல்வோம். இவர் அவரிடம் கேட்டார், அவர் இன்னாரிடம் கேட்டார் என்று அது நபித்தோழர் வரை சென்று, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களில் நிறைவுறும். பேய்க்கணவாய்க்கு அறிவு உண்டு, ஸனத் இல்லை. மனிதனின் சிறப்பு மூளையின் எடையால் மட்டும் அமைந்ததன்று. ஒரு தலைமுறை பெற்றதை மறு தலைமுறைக்கு ஒப்படைக்கும் வாப்பாவும் உம்மாவும் உஸ்தாதும் அவனுக்கு வாய்த்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு எதையும் சொல்லிக்கொடுக்க நேரமில்லை என்று கூறும் பெற்றோர் இதைச் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டும்.

வலி உண்டா?

இனி என்னை வருத்திய கேள்விக்கு வருகிறேன். எங்கள் மாணவனின் தந்தையிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "ஒரு மடிக்கு நூற்றுக்கணக்கில் வருகிறது, ஹஜ்ரத்! ஒன்று செத்ததற்கா இவ்வளவு கவலை?" என்றார். அவர் கேட்டது நியாயம். அவருடைய தொழில் ஹலாலான தொழில். ஊரின் பல குடும்பங்களுக்கு அதுவே அடுப்பெரிக்கிறது. கடலின் உணவை இறைவன் நமக்கு ஆகுமாக்கித் தந்திருக்கிறான்.

ஆனால் அந்த வாளியில் இருந்தது உணவுக்காகப் பிடிக்கப்பட்டதன்று. ஒரு பூனையைக் கட்டிவைத்து, உணவும் கொடுக்காமல், தானே தேடி உண்ண விடுவதும் செய்யாமல் சாகவிட்டதற்காகத் தண்டனை பெற்ற பெண்ணைப் பற்றிய நபிமொழியை நான் ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறேன். அன்றிரவு வாளியின் மீது தட்டைக் கவிழ்த்தபோது அந்த ஹதீஸ் என் நினைவுக்கு வரவில்லை. பூனைக்கு ஒரு நீதி, கணவாய்க்கு ஒரு நீதி என்று நானாகவே பிரித்துக்கொண்டேன் போலும்.

அறிவியல் அவ்வாறு பிரிக்கவில்லை. 2021-இல் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகமொன்றைச் சேர்ந்த ராபின் குரூக் ஒரு சோதனை செய்தார். எரிச்சலூட்டும் அமிலம் செலுத்தப்பட்ட பேய்க்கணவாய்கள், அவ்வேதனையோடு தாம் இருந்த அறையை அதன்பின் தவிர்த்தன. முன்பு அவை விரும்பிய அறையாக இருந்தும் தவிர்த்தன. மரத்துப்போகும் மருந்து கொடுக்கப்பட்டபோது, நிவாரணம் பெற்ற அறையை நாடின. வேதனையை அவை உணர்ந்து நினைவிலும் வைத்துக்கொள்கின்றன என்பதற்கு இது வலிய சான்று. 2022-இல் பிரிட்டன் இயற்றிய விலங்கு நலச் சட்டத்தில், உணர்வுள்ள உயிர்களின் பட்டியலில் கணவாய் இனங்கள் சேர்க்கப்பட்டன. நம் நாட்டின் 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டமோ, மனிதனல்லாத எந்த உயிரையும் விலங்கு என்ற சொல்லுக்குள் அன்றே அடக்கிவிட்டது.

அடுக்களையில் நம் கடமை

வாசகச் சகோதரிகள் ஒன்று கேட்கலாம்: கணவாய் உண்ணலாமா, கூடாதா? ஷாஃபிஈ மத்ஹபின் ஏற்கப்பட்ட கருத்தில் கடலிலேயே வாழும் உயிர்கள் பொதுவாக ஆகுமானவை. ஹனஃபீ மத்ஹபில் கடலுயிர்களுள் மீன் மட்டுமே ஆகும். கணவாய் மீனன்று என்பதை மேலே கண்டோம். காயல்பட்டினத்து உறவினர் வீட்டில் கணவாய்த் தொக்கை ருசித்து உண்பவரும், அதைத் தொடாமல் எழுபவரும் நம் ஒரே குடும்பத்தில் இருப்பார்கள். அவரவர் தம் இமாமைப் பின்பற்றுகிறார்கள். ஒருவரை ஒருவர் குறைகூற வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றில் எல்லா மத்ஹபுகளும் ஒன்றுபடுகின்றன. உயிரைத் துன்புறுத்துவது ஆகாது. அறுக்கும் பிராணிக்குக்கூடக் கத்தியைத் தீட்டி வேதனையைக் குறைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. கடலுயிருக்கு அறுப்பு தேவையில்லை என்ற சலுகையை, அதற்கு வேதனையே இல்லை என்று நாம் பொருள்கொண்டுவிடக் கூடாது. உண்ண ஆகாதது என்று கருதுவோருக்கும் அதை வதைக்க உரிமை கிடைத்துவிடவில்லை.

ஆகவே வாசகர்களுக்குச் சில வேண்டுகோள்கள். சந்தையில் கிடைப்பவை பெரும்பாலும் இறந்தவையே. கரையோரத்தில் உயிரோடு கிடைத்தால், கொதிநீரிலோ சூடான எண்ணெயிலோ அப்படியே இடாதீர்கள்; உயிரோடு உப்பைத் தூவித் தேய்க்காதீர்கள். இரு கண்களுக்கும் இடையே அதன் மூளை இருக்கிறது. பழகிய மீனவர் கூரிய முனையால் அவ்விடத்தில் குத்தி நொடியில் முடித்துவிடுவார். அவரிடமே செய்து வாங்குங்கள். கடற்கரையில் சங்கு பொறுக்கும் பிள்ளைகளிடம், உள்ளே குடியிருப்பவர் உண்டா என்று பார்த்துவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். விளையாட்டுக்காக எந்தக் கடலுயிரையும் வாளியில் கொண்டுவர அனுமதிக்காதீர்கள்.

மாணவனுக்குச் சொன்ன விடை

பல நாள் கழித்து அம்மாணவனை அழைத்து, நான் படித்தவற்றைச் சொன்னேன். "உன் வாப்பா சொன்னது உண்மைதான். கடலில் முதுகெலும்பில்லாத உயிர்களில் இதற்கு இணையான மூளை வேறெதற்கும் இல்லை. அதற்குத் தெரிந்துதான் தட்டைத் தள்ளியது. வெளியே வழியுண்டு என்று அதற்குத் தெரிந்தது. வெளியே இருப்பது கடலன்று என்பது மட்டும் தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டியவன் நான். தவறு உன்னுடையதன்று; என்னுடையது."

அவன் சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அந்தச் சங்கை என்ன செய்வது, ஹஜ்ரத்?" என்றான். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் இருவரும் கடற்கரைக்குச் சென்றோம். அவன் இடுப்பளவு நீரில் இறங்கி, சங்கைக் கடலில் விட்டான். வேறு ஏதேனும் ஓர் உயிருக்கு அது வீடாகட்டும் என்றான்.

படைப்புகளைச் சிந்தித்துப் பார்க்குமாறு திருமறை நம்மைப் பல இடங்களில் அழைக்கிறது. சிந்தித்தபின் நம் கை முன்பு போலவே நடந்துகொண்டால் அச்சிந்தனையால் பயனில்லை. நம் அறிவைக் கருணையோடு இணைத்து வைக்கும் பேற்றை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.